விழுவதற்கென்றே வைத்த கம்பி

உயரம் தாண்டுதலுக்கான குறுக்குக் கம்பி நான்கு மீட்டர் நீளம். இரண்டு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். எடை இரண்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. விட்டம் 30 மில்லிமீட்டர். கண்ணாடியிழையிலோ அதுபோன்ற வேறு பொருளிலோ செய்யலாம்; உலோகம் கூடாது. இரண்டு தாங்கிகளில் வைத்தபின் தன் கனத்தால் அது தொய்வது 2 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நடுவில் 3 கிலோ எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அப்போது 7 சென்டிமீட்டருக்கு மேல் தொய்ந்தால் அந்தக் கம்பி போட்டிக்கு ஆகாது.

இதைவிட விசேஷம் அது உட்காரும் விதம். தூணில் உள்ள தாங்கி 6 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தட்டு, அவ்வளவுதான். கம்பியின் முனை அதன்மேல் சும்மா படிந்திருக்கும். திருகு கிடையாது, கொக்கி கிடையாது. பிடிப்புக்காகத் தாங்கியிலோ முனையிலோ ரப்பர் ஒட்டவும் தடை. கம்பியின் முனைக்கும் தூணுக்கும் நடுவே குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். முன்பக்கம் இடித்தாலும் பின்பக்கம் இடித்தாலும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதற்காக இத்தனை ஏற்பாடு. நிற்பதற்காகச் செய்த பொருள் உலகில் ஏராளம். விழுவதற்கு வாகாக இருக்க வேண்டும் என்று அளவெடுத்துச் செய்த பொருள்கள் குறைவு.

தொட்டாலே போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொடலாம், உரசலாம், கம்பி ஆடலாம். தாங்கியைவிட்டு இறங்காமல் இருந்தால் வெள்ளைக் கொடி. பெரிய போட்டிகளில் பார்க்க வேண்டிய காட்சி அதுதான். தாண்டிய பெண் மெத்தையில் மல்லாந்து கிடந்தபடி மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் இடுப்போ குதிகாலோ உரசிய கம்பி தாங்கியின்மேல் குதித்துக்கொண்டிருக்கும். நடுவர் கொடியைத் தூக்காமல் காத்திருப்பார். ஆட்டம் அடங்கினால் தப்பித்தாள். இரண்டு மூன்று நொடிக்குப் பிறகு சாவகாசமாக விழுந்தாலும் சிவப்புக் கொடிதான். அடுத்தடுத்து மூன்று முறை தவறினால் வெளியே. கம்பியை ஒவ்வொரு தடவையும் குறைந்தது 2 சென்டிமீட்டராவது உயர்த்தியாக வேண்டும். ஒருத்தி மட்டும் மிஞ்சி வெற்றி உறுதியான பிறகு, எவ்வளவு உயர்த்துவது என்பது அவள் விருப்பம்.

இந்தக் கம்பி சர்வதேசப் போட்டிகளில் பெண்களுக்காக எங்கிருந்து எங்கே ஏறியது என்பதுதான் இங்கே கதை. அது இவ்வளவு உயரத்துக்கு வந்ததற்கு ஓடித் தாண்டும் கால்களைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். என் கணக்கில் பாதிக்குமேல் பங்கு, விழுகிற இடத்தில் என்ன போட்டிருந்தார்கள் என்பதற்கு.

ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தது 1928, ஆம்ஸ்டர்டாம். மொத்தம் ஐந்து போட்டிகள், அதில் ஒன்று உயரம் தாண்டுதல். கனடாவின் எத்தல் கேதர்வுட் 1.59 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். இன்று நம் மாநிலப் பள்ளிப் போட்டிக்கு வருகிற நல்ல வீராங்கனைக்கு எட்டாத உயரம் இல்லை அது. ஆனால் அன்று குழியில் கிடந்தது மணல். கால் ஊன்றித்தான் இறங்க வேண்டும். கத்தரிக்கோல் போல ஒவ்வொரு காலாகக் கம்பிக்கு மேலே வீசுகிற சிசர்ஸ் முறையில் உடம்பு நிமிர்ந்தே இருக்கும். ஆகவே இடுப்பைக் கம்பிக்கு வெகு மேலே தூக்கினால்தான் காரியம் ஆகும்.

1932 லாஸ் ஏஞ்சலீஸில் அமெரிக்காவின் ஜீன் ஷைலியும் பேப் டிட்ரிக்சனும் 1.65-இல் சமமாக நின்றார்கள். யார் முதல் என்று பிரிப்பதற்கான தாண்டலில், டிட்ரிக்சனின் தலை உடம்புக்கு முன்னால் கம்பியைக் கடந்துவிட்டது என்று நடுவர்கள் சொல்லி, தங்கத்தை ஷைலிக்குக் கொடுத்தார்கள். தலை முந்தக்கூடாது என்பது அன்றைய விதி. பின்னாளில் அதை எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் இருந்திருந்தால் இன்று நாம் பார்க்கும் உயரம் தாண்டுதலே இல்லை.

1936-இல் கம்பி வேறொரு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. ஜெர்மனியின் யூதப் பெண் கிரெட்டல் பெர்க்மன் அந்த ஜூன் மாதம் 1.60 தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்தார். ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் முன்பு, அணியில் உங்களுக்கு இடமில்லை என்று கடிதம் வந்தது. பெர்லினில் தங்கம் வென்ற ஹங்கேரியின் இபோல்யா சாக் தாண்டியதும் அதே 1.60. பெர்க்மனின் சாதனையை ஜெர்மன் தடகளச் சங்கம் முறையாகத் திரும்ப ஏற்றுக்கொண்டது 2009-இல். அப்போது அவருக்கு வயது 95. அன்று பெர்லினில் இறங்கியிருந்தால் அவர் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் தாண்டியிருப்பாரோ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாருமில்லை.

போருக்குப் பின், 1948 லண்டனில் ஆலிஸ் கோச்மன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பினக் குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம் மறுக்கப்பட்ட ஊரில் வளர்ந்தவர். வெறுங்காலோடு மண் சாலையில் ஓடி, கயிறும் குச்சியும் கட்டிக் கம்பி மாதிரி செய்து தாண்டிப் பழகினார். லண்டனில் 1.68. பிரிட்டனின் டோரதி டைலரும் அதே 1.68-ஐத் தாண்டினார், ஆனால் கோச்மன் முதல் முயற்சியில், டைலர் இரண்டாவதில். தங்கம் கோச்மனுக்கு. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

அதன்பிறகு கம்பி கொஞ்சம் வேகம் எடுத்தது. 1957-இல் பெய்ஜிங்கில் சீனாவின் செங் ஃபெங்ராங் 1.77 தாண்டி உலக சாதனை செய்தார். அடுத்த ஆண்டே ருமேனியாவின் யோலாண்டா பாலாஷ் கம்பியைத் தன் வசம் எடுத்துக்கொண்டு ஓடினார். 14 முறை உலக சாதனை. 1958-இல் ஆறடியைத் தாண்டிய முதல் பெண். 1961-இல் 1.91. அந்த உயரம் பத்து வருடம் அசையவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் தாண்டியது 1.85, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் 1.71. பதினான்கு சென்டிமீட்டர் வித்தியாசம்! இத்தனையும் பழைய சிசர்ஸ் முறையைச் சற்றே மாற்றிக்கொண்டு செய்தது. பாலாஷ் 1.85 மீட்டர் உயரம். நெடுங்கால்கள். அந்த முறையில் மனித உடம்பு போகக்கூடிய கடைசிப் படி வரை அவர் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

அதற்குமேல் போகத் தேவைப்பட்டது மெத்தை. 1960-களில் அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் மணலுக்கும் மரத்தூளுக்கும் பதிலாக ரப்பர் நுரைத் துண்டுகளைக் குவிக்கத் தொடங்கின. விழுந்தால் கழுத்து முறியாது என்ற நிலை வந்தபிறகுதான், முதுகைக் கம்பிக்குக் காட்டி மல்லாந்து போகும் துணிச்சலுக்கு அர்த்தம் வந்தது. ஓரிகனைச் சேர்ந்த டிக் ஃபாஸ்பரி அந்த முறையில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்க, அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல், தன் போக்கில் அதே முறைக்கு வந்த ஒரு பெண்ணும் உண்டு: கனடாவின் டெபி பிரில். அவர்கள் வீட்டுப் பண்ணையில் அப்பா நுரைத் துண்டுகளைச் சேர்த்து விழுவதற்கு இடம் அமைத்துக் கொடுத்திருந்தார். அதில் விழுந்து விழுந்து அந்தப் பெண் தானாகவே முதுகைத் திருப்பிக்கொண்டாள். 1970 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியபோது அவருக்கு 17 வயது. ஃபாஸ்பரி பெயருக்குப் பதில் பிரில் பெயர் நிலைத்திருந்தாலும் தப்பில்லை.

இந்த முறையில் என்ன லாபம்? உடம்பு வில்லாக வளைந்து கம்பியைச் சுற்றிக்கொண்டு போகிறது. தலை இறங்கும்போது இடுப்பு மேலே, இடுப்பு இறங்கும்போது கால்கள் மேலே. உடலின் எடை மையம் கம்பிக்குக் கீழேயே கடந்துவிடக்கூட வாய்ப்புண்டு. உடம்பு முழுவதும் கம்பிக்கு மேலே போகிறது, ஆனால் ஒரே சமயத்தில் முழுவதும் மேலே இருப்பதில்லை. அதோடு, வளைந்த பாதையில் ஓடிவந்து ஒற்றைக் காலில் எம்பும்போது, உள்பக்கமாகச் சாய்ந்த உடம்பு நிமிர்கிற வேகமும் சேர்ந்துகொள்கிறது. எம்புவது ஒற்றைக் காலில்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

பலன் உடனே தெரிந்தது. 1972 மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியின் உல்ரிகே மைஃபார்ட் என்ற பள்ளி மாணவி, 16 வயது, களத்துக்கு வந்தார். அதுவரை அவர் அதிகபட்சம் தாண்டியிருந்தது 1.85. அன்று 1.92 தாண்டினார். அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரியாவின் இலோனா குசன்பாவர் பாலாஷைக் கடந்து வைத்திருந்த உலக சாதனைக்குச் சமம் அது. தடகளத் தனிநபர் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களில் அவரே மிக இளையவர். ஒரே மாலையில் ஏழு சென்டிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. பல வீராங்கனைகள் தங்கள் வாழ்நாளில் பாதியை ஏழு சென்டிமீட்டருக்குச் செலவிடுகிறார்கள். அதற்கு விலையும் கொடுத்தார் மைஃபார்ட். 1976 மாண்ட்ரியலில் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, 1984 லாஸ் ஏஞ்சலீஸில், 28 வயதில் 2.02 தாண்டி மறுபடி தங்கம். சின்ன வயதில் வந்த வெற்றியைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் நடந்து திரும்பி வந்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

இடையில் ஒரு குறிப்பு. 1977 ஆகஸ்ட் 26 அன்று பெர்லினில் கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மாரி ஆக்கர்மன் 2 மீட்டரைத் தாண்டினார், பெண்களில் முதல் ஆள். அவர் பயன்படுத்தியது வயிறு கம்பியைப் பார்த்தபடி உருளும் பழைய ஸ்ட்ராடில் முறை. புதுமுறைதான் எல்லாம் என்று தீர்ப்பெழுதிய பயிற்சியாளர்களுக்கு அது ஒரு கொட்டு. ஆனாலும் அடுத்த ஆண்டே இத்தாலியின் சாரா சிமியோனி மல்லாந்து 2.01 தாண்ட, ஸ்ட்ராடில் மெல்ல மறைந்தது.

கம்பியின் இளமைக் கதைக்கு வருவோம். 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலக ஜூனியர் தடகளப் போட்டி முதன்முதலில் நடந்தது 1986-இல், ஏதென்ஸில். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 20 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு ஆண்டு கழித்து கனடாவின் சட்பரியில் ருமேனியாவின் அலினா அஸ்தாஃபே 2.00 தாண்டினார். பாலாஷின் நாட்டுப் பெண். ஜூனியர் போட்டியில் கம்பி எட்டிய உச்சம் அதுதான். பின்னால் வந்த சாம்பியன்கள் யாரும் அதைத் தொடவில்லை. குரோஷியாவின் பிளாங்கா விளாசிச் 2000-இல் சாண்டியாகோவில் 1.91, 2002-இல் கிங்ஸ்டனில் 1.96. பிரிட்டனின் மார்கன் லேக் 2014-இல் யூஜீனில் 1.93; அதே வாரத்தில் ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானிலும் அவருக்கே தங்கம், வயது 17. எஸ்டோனியாவின் கார்மன் ப்ரூஸ் 2022-இல் காலி நகரில் 1.95.

இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பெரியவர்களுக்கான சாதனை 2 மீட்டரைத் தாண்டிப் போயிருக்க, 2000-க்குப் பின் இங்கே சொன்ன ஜூனியர் தங்கங்களின் உயரம் 1.91-க்கும் 1.96-க்கும் நடுவிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. திறமை குறைந்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. அந்த வயதில் எலும்பும் தசைநாரும் இன்னும் முற்றவில்லை. எம்பும் காலில், ஒவ்வொரு தாண்டலிலும், உடல் எடையின் பல மடங்கு அழுத்தம் இறங்குகிறது. கணுக்காலும் முழங்காலும் முதுகும் முதலில் கேட்கும் கேள்வி, அவசரம் என்ன என்பதுதான். நல்ல பயிற்சியாளர்கள் பதினெட்டு வயதுப் பெண்ணைப் பயிற்சியில் முழு ஓட்டத்தோடு தாண்டவிடும் தடவைகளை எண்ணி வைத்திருப்பார்கள்.

விளாசிச்சைப் பாருங்கள். ஜூனியரில் இரண்டு தங்கம், அதற்குப் பின் 2007, 2009 உலகப் போட்டிகளில் தங்கம், 2009-இல் 2.08. ஏழு வருடம் எடுத்துக்கொண்ட 12 சென்டிமீட்டர்.

விதிவிலக்கு யுக்ரேனின் யரோஸ்லாவா மஹுச்சிக். 2017-இல் நைரோபியில் 18 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டி, 1.92. 2018-இல் புவனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக், 1.95. 2019-இல் தோஹாவில் பெரியவர்களுக்கான உலகப் போட்டியில், 18 வயதில், 2.04. அதுவரை ஜூனியர் உலக சாதனை 2.01, ஒல்கா துர்சாக் 1986-இலும் ஹைக்கே பால்க் 1989-இலும் வைத்தது. முப்பது வருடமாக அசையாமல் கிடந்ததை ஒரே இரவில் மூன்று சென்டிமீட்டர் தூக்கினார் அந்தப் பெண். ஆனாலும் தங்கம் இல்லை. மரியா லாசிட்ஸ்கேனேயும் அதே 2.04 தாண்டியிருந்தார், தவறிய முயற்சிகளை எண்ணியபோது மஹுச்சிக் இரண்டாம் இடம்.

2022 மார்ச்சில், போர் தொடங்கியபின், நீப்ரோ நகரிலிருந்து காரில் மூன்று நாள், 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பெல்கிரேடு போய்ச் சேர்ந்தார். அங்கே உலக உள்ளரங்கப் போட்டியில் 2.02 தாண்டித் தங்கம். முயற்சிகளுக்கு நடுவே தூங்கும் பைக்குள் நுழைந்து படுத்துக்கொள்வது இவர் வழக்கம். சுற்றிலும் ஆரவாரம் நடக்க, இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2024 ஜூலை 7, பாரிஸ். பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கொஸ்தாதினோவா 1987 ஆகஸ்டில் ரோமில் வைத்த 2.09 இன்னும் நின்றுகொண்டிருந்தது, கிட்டத்தட்ட 37 வருடம். 2.07-ஐ இரண்டாவது முயற்சியில் கடந்த மஹுச்சிக், கம்பியை 2.10-க்கு வைக்கச் சொன்னார். சாதனை உயரத்தில் கம்பியை வைத்ததும் நடுவர்கள் மறுபடி அளப்பார்கள். ஒருவர் உரசிவிட்டால் அடுத்த முயற்சிக்கு முன் இன்னொரு முறை அளப்பார்கள். தரையிலிருந்து செங்குத்தாக, கம்பியின் மேல்விளிம்பில் மிகத் தாழ்ந்த இடம் வரை. அளந்தார்கள். முதல் முயற்சியிலேயே தாண்டினார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் வரை, 96 வருடத்தில், பெண்களின் கம்பி ஏறியது சுமார் அரை மீட்டர்.

நம் நாட்டில் இந்தக் கம்பி இவ்வளவு தூரம் ஏறவில்லை. கேரளத்தின் பாபி அலோஷியஸ் 1.91, கர்நாடகத்தின் சஹானா குமாரி 2012-இல் 1.92. அந்த வரிசையில் இப்போது ஹரியானாவின் பூஜா சிங். ஃபதேஹாபாத் மாவட்டத்தின் போஸ்தி கிராமம், அப்பா கொத்தனார். தொடக்கத்தில் அவருக்குக் கம்பியாக இருந்தது மூங்கில். மெத்தையாக இருந்தது வைக்கோல் அடைத்த சாக்கு. அந்தச் சாக்குகளின்மேல் முதுகு விழப் பழகிய பெண், 2023-இல் கொரியாவின் யேச்சோனில் நடந்த ஆசிய ஜூனியர் போட்டியில் 1.82 தாண்டி வெள்ளி வாங்கினார். 2024 செப்டம்பரில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் தெற்காசிய ஜூனியர் போட்டி நடந்தபோது 1.80 தாண்டித் தங்கம். 2025 மே மாதம் கொரியாவின் குமியில், பெரியவர்களுக்கான ஆசியப் போட்டியில், 18 வயதில், 1.89 தாண்டித் தங்கம். பாபி அலோஷியஸுக்கு 2000-இல் கிடைத்ததற்குப் பின் ஆசியப் போட்டியின் உயரம் தாண்டுதலில் இந்தியப் பெண் ஒருவருக்குக் கிடைத்த முதல் தங்கம்.

கோச்மனின் கயிறு, பிரில் வீட்டு நுரை, பூஜாவின் சாக்கு. மூன்று நாட்டில், மூன்று காலத்தில், பெண் குழந்தை தாண்டுவதற்கு ஊரும் வீடும் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த ஏற்பாடு. இவற்றைச் சொல்லி வறுமையிலும் சாதித்தார்கள் என்று கைதட்டுவது எளிது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. சாக்கில் விழுந்து பழகி மேலே வந்த ஒரு பெண்ணை நமக்குத் தெரியும். மணலில் விழப் பயந்து நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

நம் குறுவட்டப் போட்டிகளில் இது கண்கூடு. பல பள்ளிகளில் தூண் இருக்கும், கம்பி இருக்கும், கீழே மண்வெட்டியால் கொத்திவிட்ட மணல். பிள்ளைகள் சிசர்ஸில் தாண்டி, நின்று இறங்கிப் பழகுவார்கள். அதில் கெட்டிக்காரியானவள் மாவட்டப் போட்டியிலோ மாநிலப் போட்டியிலோ முதன்முதலாக மெத்தையைப் பார்ப்பாள். பக்கத்தில் மற்றவர்கள் மல்லாந்து பறப்பார்கள். அன்றைக்கே அந்த முறையைக் கற்றுக்கொள்ள முடியுமா? முதுகைத் திருப்பிக் கொடுக்கிற நம்பிக்கை ஓரிரு வருடத்துப் பழக்கத்தில் வருவது. உடற்கல்வி ஆசிரியர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. மணல் குழியில் ஃபாஸ்பரி முறையைச் சொல்லிக் கொடுத்து ஒரு பிள்ளைக்குக் கழுத்து பிசகினால் யார் பொறுப்பு?

சர்வதேசப் போட்டிகளில் விழும் இடத்துக்கு அளவு 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் கனம். பள்ளிக்கு அவ்வளவு பெரியது வேண்டியதில்லை. ஒன்றியத்துக்கு ஒன்று, நாலைந்து பள்ளிகள் சேர்ந்து பயன்படுத்துகிற மாதிரி, மழை படாத கொட்டகையோடு போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களும் முன்னாள் மாணவர் சங்கம் நடத்துபவர்களும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த விளையாட்டு விழாவுக்குக் கோப்பைகளுக்குப் பணம் ஒதுக்குமுன், உயரம் தாண்டும் மெத்தை ஒன்றுக்கு விலைப்புள்ளி வாங்கிப் பாருங்கள்.